கல்யாணத்துக்கு அப்டேட் செய்த போன்

என் அக்கா மகனின் கல்யாணத்தை நான் கெடுத்துவிட்டேன் என்று இதுவரை யாரும் என் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. கல்யாணம் கெடவும் இல்லை. அவன் பிரான்சில் பெண்டாட்டியோடு நன்றாகத்தான் இருக்கிறான். கெட்டது வேறு ஒன்று. கேட்கிறவர்களிடமெல்லாம் "போன் அப்டேட் ஆயி மக்கர் பண்ணிடுச்சிப்பா" என்று போன்மேல் பழியைப் போட்டே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டேன். போனுக்கு வாய் இருந்திருந்தால் என்னைக் காறித் துப்பியிருக்கும். அதற்கு வாய் இல்லாத குறையை நானே தீர்த்துவைக்கிறேன்.

எங்கள் ஊர் புதுச்சேரிப் பக்கம் அபிஷேகப்பாக்கம். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை எனக்கு. அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். மாமா இறந்ததும் பத்து வயதுப் பையனோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதன்பிறகு இதுதான் அவள் வீடு. மாமாவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் பையனுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதம் இருந்தது. இருபது வயதில் அதை எடுத்துக்கொண்டு விமானம் ஏறினான். அங்கேயே படித்து, அங்கேயே வேலை பார்த்து, அங்கேயே ஒரு பெண்ணைப் பிடித்துப்போய், "அம்மா, உனக்குச் சம்மதமா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டான். அக்கா ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. "பொண்ணு சிரிச்ச மொகமா இருக்குது. அது போதும்" என்று சொல்லிவிட்டாள்.

கல்யாணத்தை அங்கே இருக்கும் மேரியில், அதாவது நகராட்சி மன்றத்தில், வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. எங்களுக்கு மேரி என்றால் பாண்டியில் கடற்கரை ஓரம் இருக்கிற கட்டடம் ஒன்றுதான். அங்கே ஊருக்கு ஒரு மேரி உண்டாம். மேயர் முன்னால் நின்று கையெழுத்துப் போட்டால் கல்யாணம் முடிந்தது. ஒரு சனிக்கிழமை, அவர்கள் நேரம் காலை பதினொரு மணி. ஆனி மாதம்தான், ஆடி பிறக்கவில்லை என்று காலண்டரைத் தடவிப் பார்க்காத குறையாக என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள் அக்கா.

அக்காவுக்குச் சர்க்கரை. அது கண்ணைத் தின்றுவிட்டது. வலது கண்ணில் ஆபரேஷன் செய்து உள்ளே காற்றுக் குமிழி வைத்திருந்தார்கள். அது தானாகக் கரைகிறவரை விமானம் ஏறவே கூடாது, ஏறினால் உள்ள பார்வையும் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இடது கண்ணில் பாதிப் பார்வை. பெரிய உருவமாக இருந்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் முகம் தெரியும். கைபேசித் திரையில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வெளிச்சம் மட்டும்தான். தேதியைத் தள்ளிப்போடுகிறேன் என்றான் பையன். குறித்த நாளை மாற்றக்கூடாது என்று அக்கா ஒரே பிடியாக நின்றாள்.

அப்போதுதான் அவன் அந்த ஏற்பாட்டைச் சொன்னான். கையெழுத்து முடிந்ததும் மேயர் ஐந்து நிமிஷம் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். அந்த ஐந்து நிமிஷத்தில் தாலி கட்டிவிடுவான். தாலியை, அங்கே போகிற ஒருவர் கையில் ஏற்கெனவே கொடுத்தனுப்பியிருந்தோம்.

"நீ வீடியோ கால்ல 'கட்டுப்பா'ன்னு சொல்லணும்மா. நீ சொன்னாத்தான் கட்டுவேன்" என்றான்.

அக்கா பதறிப்போனாள். "நான் சொல்லக் கூடாதுப்பா. உங்க அத்தையைச் சொல்லச் சொல்றேன்."

அத்தை என்றால் என் மனைவி. அக்கா ஏன் அப்படிச் சொன்னாள் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புருஷனை இழந்தவள் பெற்ற பிள்ளையின் கல்யாணத்திலும் மேடைக்குக் கீழே, மூன்றாவது வரிசை நாற்காலியில்தான் உட்காருவாள். தாலியைத் தொடமாட்டாள், எடுத்துக்கொடுக்கமாட்டாள், எதிரில் வந்து நிற்கக்கூட மாட்டாள். யாரும் விரட்டவேண்டாம், அவளே ஒதுங்கிக்கொள்வாள். என் மகள் கல்யாணத்தில் அக்கா பந்தி நடக்கிற இடத்திலேயே இருந்துவிட்டாள். நானும் போய்க் கூப்பிடவில்லை.

"அதெல்லாம் இங்க கிடையாதும்மா. எனக்கு அப்பாவும் நீதான், அம்மாவும் நீதான். நீ சொல்லு. இல்லன்னா கையில புடிச்சிக்கினு நின்னுக்கினே இருப்பேன்" என்றான் அவன்.

அந்த வாரம் முழுக்க அக்கா ஒரு மாதிரி துள்ளலாக இருந்தாள். பூ தொடுக்கும்போது, கீரை ஆயும்போது, தனக்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்க் கேட்டால் அந்த ஒரு வார்த்தைதான். சத்தமாகச் சொல்வதா, மெதுவாகச் சொல்வதா என்று என் மனைவியிடம் யோசனை கேட்டாளாம்.

கல்யாணத்தை அக்காவுக்குக் காட்டுவது என் பொறுப்பு. எங்கள் வீட்டில் வீடியோ கால் எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஒரு பழைய லேப்டாப் உண்டு. அதில் வைஃபை செத்து மூன்று வருஷம் ஆயிற்று. அதனால் என் போனைக் கேபிளால் லேப்டாப்பில் செருகி, போனில் யூ.எஸ்.பி. டெதரிங் என்ற பொத்தானை அழுத்துவேன். போனில் வருகிற நெட் கேபிள் வழியாக லேப்டாப்புக்குப் போகும். லேப்டாப்பை டிவியில் மாட்டினால் பையனின் முகம் ஒரு முழம் அகலத்துக்கு வரும். டிவிக்கு இரண்டு முழம் தள்ளி நாற்காலி போட்டு அக்காவை உட்கார வைத்தால், "இளைச்சிட்டியேப்பா" என்று ஆரம்பிப்பாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான். ஒரு தடவைகூடச் சொதப்பியதில்லை.

அலுவலகத்தில் முதன்முதலில் கம்ப்யூட்டர் வந்தபோது, தொட பயந்த ஐந்து பேருக்கு நடுவில் தொட்டவன் நான். அதிலிருந்து ஊரில் யாருக்கு எது நின்றுபோனாலும் "சாரைக் கேளு" என்பார்கள். இது ஒரு மாதிரி போதை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, அப்போது அது தலையில் கிரீடம்போல இருந்தது. தெருவையே கூப்பிட்டேன். "சனிக்கிழமை மத்தியானம் வந்துடுங்க, பிரான்ஸ் கல்யாணத்தை நம்ம வூட்டு டிவியில காட்டுறேன்." வாடகைக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகள் எடுத்தேன். இருபது பேருக்குப் பாயசம்.

வியாழக்கிழமை எல்லாவற்றையும் மாட்டி ஒத்திகை பார்த்தேன். கண்ணாடிபோல வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். பாழாய்ப்போன போன் ஒரு வாரமாக "புதிய அப்டேட் தயார்" என்று மேலே காட்டிக்கொண்டிருந்தது. கல்யாணம் என்றால் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், வாசல் மெழுகுகிறோம், பாத்திரத்தை எல்லாம் புளி போட்டுத் துலக்குகிறோம். போன்தானே இந்தக் கல்யாணத்துக்குப் பந்தல், அதை மட்டும் பழசாக வைத்திருப்பானேன் என்று எனக்குத் தோன்றியது. சனிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு முடிகிறவரை காத்திருந்து, பத்து நாற்பதுக்கு, சாமி படத்தைப் பார்த்துவிட்டு அப்டேட்டை அழுத்தினேன். அலுவலகத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

நேரம் பற்றி அக்காவுக்கு ஒரு கவலை இருந்தது. அங்கே பதினொன்று என்றால் நமக்கு இரண்டரை. சனிக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்றுவரை எமகண்டம். "அவன் ஊர் கடியாரத்துக்கு நல்ல நேரம்தான். ஆனா நாம எமகண்டத்துல ஆரம்பிக்கக் கூடாதுடா. ஒன்றரைக்கு முன்னாடியே போனைப் போட்டுத் தொறந்து வச்சிடு" என்றாள். பையனும் சரி என்றிருந்தான். ஒன்றேகாலுக்கு இணைப்பைத் திறந்து அப்படியே வைத்திருப்பது என்று முடிவு.

பன்னிரண்டே முக்காலுக்குக் கேபிளைச் செருகினேன். டொக் என்று சார்ஜ் ஏறும் சத்தம் வந்தது, அவ்வளவுதான். டெதரிங் பொத்தான் வழக்கமான இடத்தில் இல்லை. அப்டேட்டில் செட்டிங்ஸ் எல்லாம் வீடு மாறியிருந்தன. எங்கெங்கோ தேடி, வேறொரு தலைப்புக்குள் அதைக் கண்டுபிடித்தேன். சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. அழுத்தினால் அசையவில்லை. கேபிளை மாற்றினேன். துளையை மாற்றினேன். சார்ஜ் மட்டும் என்று இருந்ததை ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்று மாற்றினேன். பொத்தான் உயிர்பெற்றது. அழுத்தினேன். லேப்டாப்பிலிருந்து டிங் என்று ஒரு சத்தம். எழுந்து நின்று கைதட்டாத குறை. மறு விநாடி லேப்டாப்பில் மஞ்சள் முக்கோணம் ஒன்று வந்து, இது என்ன சாதனம் என்று தெரியவில்லை என்றது. ஒரு வருஷமாக ஞாயிறு தவறாமல் குலாவிக்கொண்டிருந்த போனைப் பார்த்து யாரென்றே தெரியாது என்றது அந்தப் பழைய லேப்டாப்.

ஒன்றேகாலுக்குப் பையனிடமிருந்து செய்தி வந்தது. ரெடியா மாமா என்று கேட்டிருந்தான். ரெண்டு நிமிஷம் என்று பதில் போட்டேன்.

அதற்குள் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை கட்டி, டிவிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாமா போன பிறகு அவள் பட்டுக் கட்டி நான் பார்த்ததில்லை. மடியில் ஒரு கிண்ணத்தில் மஞ்சள் அரிசி. டிவி கறுப்பாக இருந்தது. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா, வரலையா?"

"வரும்க்கா. ரெண்டு நிமிஷம்."

லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். அது கண்விழித்து எழுந்திருக்கப் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டது. அதே மஞ்சள் முக்கோணம். ஒன்றரை அடித்தது. "எமகண்டம் வந்துடுச்சி" என்று அக்கா மெதுவாகச் சொன்னாள், குறையாக இல்லை, தகவலாக. எதிர்வீட்டு அம்மாள் எழுந்து வந்து தன் போனை நீட்டினார்.

"எங்க போனைக் குத்திப் பாருங்களேன் சார். இது பழசுதான், ஆனா நல்லா ஓடுது."

"ஒவ்வொரு போனுக்கும் ஒவ்வொரு மாதிரிம்மா. உங்களுக்குப் புரியாது, உக்காருங்க" என்றேன். அந்த அம்மாள் முகம் சுருங்கிப் போய் உட்கார்ந்தார். அடுத்தவர் போனில் கல்யாணம் காட்டினால் கிரீடம் இறங்கிவிடுமே.

இரண்டு மணி சுமாருக்கு என் மனைவி பாயசக் கரண்டியோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். எங்கள் வீட்டில் ஸ்மார்ட் போன் ஒன்றுதான், என்னுடையது. அவளுடையது பட்டன் போன்.

"ஏங்க, இந்த போன்லயே நேரா கூப்புட வேண்டியதுதானே? நெட்டுதான் இதுல வருதே."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறேன் என்று அவள் சொல்லாமல் சொன்னாள். அதை அப்போதே நான் கேட்டிருந்தால் இதை இன்றைக்கு எழுதவேண்டியிருக்காது.

"அவளுக்கு இந்தக் கையகலத்துல இன்னாடி தெரியும்? கண்ணு தெரியாதவளுக்கு எதைக் காட்டுறது?" என்று கத்தினேன். சபையே திரும்பிப் பார்த்தது. என் மனைவி உள்ளே போய்விட்டாள். அக்காவும் கேட்டிருப்பாள். கண்ணுதான் தெரியாது, காது பாம்புக் காது அவளுக்கு. தன்னைக் கண் தெரியாதவள் என்று தம்பி இருபது பேர் முன்னால் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, கிண்ணத்து அரிசியை விரலால் அளைந்துகொண்டிருந்தாள்.

செட்டிங்ஸுக்குள் ஒளித்துவைத்திருக்கிற ஒரு பகுதி உண்டு. ஒரு எண்ணின்மேல் ஏழு தடவை தட்டினால் திறக்கும். அதைத் திறந்து, யூ.எஸ்.பி. என்று இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. பையன் வீடியோ காலில் கூப்பிடுகிறான். மணி இரண்டு பதினான்கு. திரை முழுக்க அவன் படம் வந்து, நான் பாதியில் வைத்திருந்த செட்டிங்ஸை மறைத்துவிட்டது. கட் செய்தேன். ஆமாம், நான்தான் கட் செய்தேன். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட்டான். மறுபடி கட் செய்தேன். "ரெண்டு நிமிஷம்" என்று தட்டி அனுப்பினேன். பச்சைப் பொத்தானுக்கும் சிவப்புப் பொத்தானுக்கும் நடுவில் கட்டைவிரல் அகலம்தான் இடைவெளி. ஒரு தடவை விரலைக் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தால் போதும், பையன் என் கையில் இருந்திருப்பான்.

எதுவும் பலிக்கவில்லை. இரண்டு இருபத்திரண்டுக்கு, இதுவும் கைவிட்டால் வேறு வழியில்லை என்று நெட்வொர்க் செட்டிங்ஸ் அனைத்தையும் அழித்துப் புதிதாக்குகிற பொத்தானை அழுத்தினேன். நிச்சயமாகவா என்று கேட்டது. நிச்சயமாக என்றேன். போன் கறுத்து, தானாக மறுபடி எழுந்தது. மஞ்சள் முக்கோணம் போகவில்லை. லேப்டாப்பை ஓங்கி மூடினேன். சரி, தொலையட்டும், மனைவி சொன்னபடி போனிலேயே கூப்பிடுவோம் என்று அப்போதுதான், இரண்டு இருபத்தொன்பதுக்கு, எனக்குப் புத்தி வந்தது. கூப்பிட்டேன். கால்மணி நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. மேலே பார்த்தால் சிக்னல் கோடுகள் இருக்கின்றன, நெட் இல்லை. நான் அழித்ததில் சிம்மின் நெட் அமைப்பும் சேர்ந்து போய்விட்டது. வெளிநாட்டுக்குச் சாதாரண கால் போட என் சிம்மில் வசதி கிடையாது. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கப் போனேன், வாலும் அறுந்துவிட்டது.

எதிர்வீட்டு அம்மாளின் போனை இப்போது நானே போய்க் கேட்டேன். உடனே கொடுத்தார். அதில் நெட் இருந்தது. பையன் நம்பர் எனக்கு மனப்பாடமில்லை. முன்னால் நாட்டு எண், பின்னால் ஒன்பது எண்கள். என் போனில் அவன் பெயரைத் தேடி, எண்ணைப் பார்த்துப் பார்த்து அதில் சேர்த்தேன். அவசரத்தில் ஒரு எண் தப்பாகிப் போனது. யாரோ ஒரு பிரெஞ்சுக்காரி எடுத்து அலோ அலோ என்றாள். மறுபடி சரிபார்த்து அழைத்தபோது மணி இரண்டு ஐம்பது. மணி அடித்தது, எடுக்கவில்லை. தெரியாத எண் என்று விட்டிருப்பான். அல்லது அந்நேரம் அவன் கைகள் இரண்டும் வேலையாக இருந்திருக்கும்.

மூன்று மணிக்கு ஆட்கள் எழுந்தார்கள். "பரவால்ல சார், மெஷின்னா அப்படித்தான்" என்றார்கள். பாயசம் குடித்தார்கள். சிலர் அக்காவிடம் போய்க் கையைப் பிடித்து, நல்லபடியா முடிஞ்சிருக்கும் என்றார்கள். அக்கா எல்லாரிடமும் சிரித்தாள். என்னிடமும் சிரித்தாள். கிண்ணத்து அரிசியைக் கொண்டுபோய்ப் பூஜை அலமாரியில் கொட்டிவிட்டு வந்து, பட்டுப்புடவையை மாற்றி மடித்து வைத்தாள். "சாப்புடுடா, காலையிலேர்ந்து நீ ஒண்ணும் சாப்புடல" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

சாயங்காலம் அவனே என் மனைவியின் பட்டன் போனுக்குக் கூப்பிட்டான். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது, கவலைப்படவேண்டாம் என்றான். அக்காவிடம் அரைமணி நேரம் பேசினான். தாலி எப்போது கட்டினான், எப்படிக் கட்டினான் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. என்னிடம், "பரவால்ல மாமா, வீடியோ எடுத்திருக்கோம், அனுப்புறேன்" என்றான். பரவாயில்லை என்கிற வார்த்தையை அன்று ஒரு நாளில் எத்தனை பேர் என்னிடம் சொன்னார்கள் என்று எண்ணவே முடியாது.

திங்கட்கிழமை வில்லியனூர் மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் மொபைல் கடைக்குப் போனேன். கடைக்காரர் பாய் எனக்குப் பல வருஷப் பழக்கம். சிம்முக்கு நெட்டைத் திரும்பக் கொண்டுவர அவருக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. டெதரிங் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"போன் மேல தப்பு இல்ல சார். புது அப்டேட்டுல அது கேபிள்ல வேற பாஷையில பேசுது. உங்க லேப்டாப்புக்குப் பழைய பாஷைதான் தெரியும். நீங்க தலைகீழா நின்னாலும் ரெண்டும் பேசிக்காது. அப்டேட் பண்ணாத போன் ஏதாச்சும் இருந்தா குத்தியிருக்கலாமே, உடனே வந்திருக்கும்."

எதிர்வீட்டு அம்மாள் நீட்டிய கை என் கண் முன்னால் வந்தது.

பாய் தொடர்ந்தார். "அதுகூட வேணாம். கையில இருந்த போன்லயே நேரா போட்டிருக்கலாமே சார்?"

"அக்காவுக்குச் சின்னத் திரை தெரியாது பாய்" என்றேன். அந்தப் பதிலை அப்போதும் நான் நம்பினேன். அதுதான் என் கடைசிக் கோட்டை.

பையன் அனுப்பிய வீடியோவை அவரே ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். டிவிக்குப் பின்னால் செருகினால் போதும், நெட் வேண்டாம், லேப்டாப் வேண்டாம். செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்காவை அதே நாற்காலியில் உட்கார வைத்துப் போட்டேன். மனைவி அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். வேறு யாரும் இல்லை.

நல்ல தெளிவான படம். மேயர் மூவர்ணப் பட்டை அணிந்துகொண்டு ஏதோ படித்தார். நான் அக்காவுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பெண் வெள்ளைக் கவுன் போட்டிருக்கிறாள், பையன் கோட்டுக்குக் கீழே பட்டு வேட்டிதான் கட்டியிருக்கிறான், இப்போது கையெழுத்துப் போடுகிறான். மேசைமேல், ஒரு பூந்தொட்டியில் சாய்த்து அவன் போனை நிறுத்தி வைத்திருந்தான். எங்கள் முகங்கள் தெரிந்திருக்க வேண்டிய போன். அதன் திரை இருட்டாக இருந்தது. அதை மட்டும் நான் அக்காவிடம் சொல்லவில்லை.

கையெழுத்து முடிந்தது. அவன் சட்டைப் பையிலிருந்து தாலியை எடுத்தான். மேசைமேல் இருந்த போனைத் தொட்டுப் பார்த்தான். யாரோ பிரெஞ்சில் ஏதோ சொன்னார்கள், மேயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவன் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். நின்றான். கல்யாணப் பெண் அவன் முழங்கையைத் தொட்டாள். வீடியோ எடுத்தவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லைபோலும், படம் ஆடிக்கொண்டே இருந்தது. எனக்கு ரிமோட்டைத் தேடி அணைத்துவிடலாமா என்று கை பரபரத்தது.

பிறகு அவன் அந்த இருட்டுத் திரையைப் பார்த்துக் குனிந்து, "அம்மா, கட்டட்டுமா?" என்றான்.

"கட்டுப்பா" என்றாள் அக்கா.

அத்தனை நாள் சொல்லிப் பார்த்தாளே, அந்தக் குரலில் சொல்லவில்லை. சாதாரணமாக, அவன் பக்கத்து அறையிலிருந்து கேட்டதுபோலச் சொன்னாள். படத்தில் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. யாரோ இருமினார்கள். அப்புறம் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி முடிச்சைப் போட்டான். மூன்று முடிச்சையும் போட்டான். அங்கே நின்றவர்கள் கைதட்டினார்கள்.

படம் முடிந்து டிவி நீலமானது. அடுப்படி வாசலில் என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். எனக்கு ஏதாவது பேசவேண்டும்போல இருந்தது.

"நல்லா தெரிஞ்சுதாக்கா? இன்னொரு தடவை போடட்டுமா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலடா. இருந்த ஒரு கண்ணும் ரெண்டு நாளா மங்கலாத்தான் இருக்குது. சத்தம் கேட்டுது, அது போதும். அன்னிக்கும் எனக்குப் பாக்கவா வேணும்? சொல்லத்தானேடா வேணும். அந்த போனை எங்காதுல வச்சிருந்தாக்கூடப் போதும்."

"அப்பவே ஏன்க்கா இதைச் சொல்லல?" என்றேன்.

"அத்தினி பேரைக் கூப்புட்டு உக்கார வச்சிருந்த. அவங்க எதிர்ல உன்னை எப்பிடிடா விட்டுக் குடுக்கறது?"